பேச்சு நடக்கட்டும், மனுவை இந்த மாதமே போடுங்கள்

கேள்வி: "வீரவநல்லூர் பக்கம் எங்க ஊர். எங்க வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை பார்த்தாக. 2024 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில ஒரு கல்யாண மண்டப வேலையில ரெண்டாவது மாடிச் சாரத்துல இருந்து விழுந்துட்டாக. முதுகெலும்பு முறிஞ்சு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமப் போச்சு. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில ஒன்றரை மாசம் வச்சிருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். படுக்கைப்புண் வந்து, காய்ச்சல் கண்டு, ஜூன் 20ஆம் தேதி வீட்டிலேயே இறந்துட்டாக. போஸ்ட்மார்ட்டம் பண்ணலை. அப்போ 40 வயசு. பதினாறு அன்னைக்கு காண்ட்ராக்டர் அண்ணாச்சி ஒன்றரை லட்சம் குடுத்து இருபது ரூபாய் பத்திரத்துல கையெழுத்து வாங்கினாக. மண்டப பில் வந்ததும் மிச்சம் தாரேன்னாக, வரலை. இப்போ கேட்டா, ரெண்டு வருசம் முடிஞ்சிட்டு, இனிமே கேஸ் போட முடியாதுங்காக. குடிச்சிட்டு ஏறினார்னும் பேசுதாக. கொழுந்தன் அவுககிட்டதான் வேலை பாக்கான், கேஸ் போட்டா வேலை போயிரும்ங்கான். மகளுக்கு 11 வயசு, மகனுக்கு 7. அத்தை எங்ககூடதான் இருக்காக. கேஸ் போட முடியுமா? பணம் வந்தா அத்தைக்கும் பங்கு உண்டா?"

பதில்:

சகோதரி, முதலில் உங்கள் மனதில் இருக்கும் பெரிய பாரத்தை இறக்கிவிடுகிறேன். உங்களுக்குக் கெடு இன்னும் முடியவில்லை. காண்ட்ராக்டர் சொன்ன இரண்டு ஆண்டுக் கணக்கு விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணியது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923இன் 10ஆம் பிரிவு விபத்தில் உயிர் பிழைத்தவருக்குத்தான் அந்தக் கணக்கைச் சொல்கிறது. காயம் பட்டவர் இறந்துபோனால், இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. உங்கள் வீட்டுக்காரர் விழுந்தது பிப்ரவரி 12, உயிர் பிரிந்தது ஜூன் 20. நான்கு மாதம் படுக்கையில் கிடந்து அவர் பட்ட வேதனைக்கு ஈடே கிடையாது. ஆனால் உங்கள் கெடு ஓடத் தொடங்கியது அந்த நான்கு மாதம் கழித்துத்தான். ஆக, 2026 ஜூன் 20 வரை உங்களுக்கு நாள் இருக்கிறது.

அந்தக் கடைசி நாள் சனிக்கிழமை, அலுவலகம் பூட்டியிருக்கும். கெடு முடியும் நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாளில் ஏற்க வழி உண்டு என்றாலும், அந்தச் சலுகையை நம்பி உட்கார வேண்டாம். மே மாதத்துக்குள் மனு உள்ளே போய்விட வேண்டும். தேதி தெளிவாக இருக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாயைத் திறக்க இடம் இருக்காது. கெடு தாண்டினாலோ, வழக்கே அந்தத் தாமதத்தைப் பற்றியதாக மாறிப்போகும். அதற்கே பல வாய்தா ஓடும்.

இந்தப் பக்கத்தில் தொழிலாளர் வழக்கு நடத்தும் எங்களிடம் வருகிறவர்களில் தாமதமாக வருகிறவர்களே அதிகம். அவர்களுக்குச் சட்டம் தெரியாது என்பதைவிட, யாரோ ஒருவர் "பேசி முடிச்சிருவோம், பொறுங்க" என்று சொன்னதுதான் காரணமாக இருக்கிறது. அண்ணாச்சி நல்லவராகவே இருக்கலாம். மனதார ஏதாவது தர வேண்டும் என்று நினைத்தும் இருக்கலாம். ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்பதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த புகார், வக்கீல் நோட்டீஸ், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நடந்த பஞ்சாயத்து, கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை கொடுத்த மனு எதுவும் இந்தக் கணக்கை நிறுத்தாது. இந்தச் சட்டப்படி இழப்பீட்டை விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரியான ஆணையர் முன்னால் இழப்பீட்டு மனு பதிவாகும் நாள் மட்டுமே கணக்கில் சேரும். மனுவைப் போட்டுவிட்டுப் பேசலாம், தாராளமாகப் பேசலாம். மனு போட்டபின் நடக்கும் பேச்சில் உங்களுக்கும் ஒரு பிடி இருக்கும்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பழைய சட்டமே போய்விட்டது, இனி ஒன்றும் கிடைக்காது என்று யாராவது உங்களைக் குழப்பலாம். உங்கள் வீட்டுக்காரர் இறந்தது அதற்கு முன்னால். அன்றைக்கு இருந்த சட்டப்படி உங்களுக்குப் பிறந்த உரிமை அழியாது. இரண்டு ஆண்டுக் கெடு, அதுவும் இறந்த நாளிலிருந்து என்பது, புதிய தொகுப்பிலும் அப்படியேதான் இருக்கிறது. மனுவின் தலைப்பில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைப் போடுவது என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

இனி அந்தப் பத்திரம். நீங்கள் நகல் அனுப்பவில்லை. ஆனாலும் அதில் என்ன எழுதியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியும்: "மேற்படி தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, இனி எக்காலத்திலும் எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியதையும் இல்லை, வழக்கு வியாஜ்ஜியம் எதுவும் செய்வதில்லை எனச் சம்மதித்து..." கீழே உங்கள் கையெழுத்து, பக்கத்தில் இரண்டு சாட்சி. கருமாதி வீட்டில், கண்ணீர் காயாத நேரத்தில், வந்தவர்களுக்கு இலை போடும் பரபரப்புக்கு நடுவில் வாங்கிய கையெழுத்து அது. அப்படி வாங்கியது தவறு என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். சட்டமும் அதை மதிப்பதில்லை. தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது.

8ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு தொழிலாளி இறந்தால் அவருக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேராகக் கொடுக்கவே கூடாது. ஆணையரிடம் கட்ட வேண்டும், ஆணையர்தான் பிரித்துக் கொடுப்பார். நேராகக் கொடுத்த பணம் இழப்பீடாகக் கணக்கில் சேராது. இந்த மாதிரிப் பதினாறாம் நாள் பத்திரங்களை மனதில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும் அளவுக்கு அந்தப் பிரிவு கறாராக இருக்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. முன்பணமாக மூன்று மாதக் கூலி அளவுக்குக் கொடுத்திருந்தால் அதை ஆணையர் கழித்துக்கொள்வார். ஒன்றரை லட்சம் வாங்கியதை மறைக்க வேண்டாம். மனுவிலேயே எழுதுங்கள், எந்தத் தேதியில், யார் கையால், யார் முன்னிலையில் என்று. எதிர்த்தரப்பு அந்தப் பத்திரத்தை எடுத்து நீட்டும் முன்பே நீங்கள் சொல்லிவிட்டால், அதை வைத்து உங்களைப் பொய்யராக்க முடியாது.

குடித்துவிட்டு ஏறினார் என்ற பேச்சு உங்களை எவ்வளவு நோகச் செய்திருக்கும் என்று தெரிகிறது. அதற்கும் பதில் இருக்கிறது. குடிபோதையில் நடந்த விபத்து, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற வாதங்களை முதலாளி சாதாரணக் காயங்களில் எழுப்பலாம். தொழிலாளி இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முழு ஊனமடைந்துவிட்டாலோ அந்த வாதங்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 3ஆம் பிரிவிலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆகவே அவர் குடிக்கவில்லை என்று நிரூபிக்கச் சாட்சி தேடி அலைய வேண்டாம். அதே போல, "அவரே கால் தவறி விழுந்தார், யார் மேலும் குறை இல்லை" என்று போலீஸில் வாக்குமூலம் பதிவாகியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம். இந்தச் சட்டத்தில் யார் மேல் தவறு என்ற கேள்வியே எழாது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி.

விபத்து நடந்ததும் முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். எந்தக் குடும்பமும் அந்த நேரத்தில் அதை நினைக்காது. முதலாளிக்கோ அவர் சார்பில் வேலையைப் பார்த்துக்கொள்பவருக்கோ விபத்து அப்போதே வேறு வழியில் தெரிந்திருந்தால், அறிவிப்பு இல்லாதது தடையாகாது. விபத்தன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மேஸ்திரியோ காண்ட்ராக்டரின் ஆளோ கூட வந்திருந்தால் அதை மனுவில் எழுதுங்கள்.

சிக்கலான இடம் வேறு ஒன்று. வழக்கின் முழுப் பாரமும் அங்கேதான் விழும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் இறந்தார், பிரேதப் பரிசோதனை இல்லை. அப்படியானால் "விழுந்ததால் இறக்கவில்லை, நான்கு மாதம் கழித்து வேறு ஏதோ காய்ச்சலில் இறந்தார்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அதை உடைக்க மருத்துவக் காகிதம் வேண்டும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போட்டிருப்பார்கள். ஏ.ஆர். காப்பி என்று கேட்டால் தெரியும். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததாக, எத்தனை மணிக்கு, யார் கூட்டிவந்தார்கள் என்று அதில் இருக்கும். உங்கள் வழக்கில் இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. காண்ட்ராக்டர் நாளைக்கு, அவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று சொன்னாலும், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எழுதியதை மாற்ற முடியாது. அதன் நகலுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிஸ்சார்ஜ் சீட்டு. தண்டுவடம் பாதித்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது அதில் இருக்கும். அப்படிக் கிடப்பவருக்குப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வந்து, அது இரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாவது மருத்துவர்களுக்குப் புதிதல்ல. மே, ஜூன் மாதங்களில் புண்ணுக்குக் கட்டுப் போட யார் வந்தார்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சா, பக்கத்து டாக்டரா? மருந்துச் சீட்டு, மருந்துக் கடை பில், கட்டுத் துணி வாங்கிய ரசீது எதுவும் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் ஒன்றைக்கூடத் தூக்கிப்போட வேண்டாம். இவற்றை வரிசைப்படுத்தி, பார்த்த டாக்டரைச் சாட்சி சொல்ல வைத்தால், பிப்ரவரி 12க்கும் ஜூன் 20க்கும் நடுவில் அறுபடாத ஒரு தொடர்ச்சி தெரியும். போஸ்ட்மார்ட்டம் இல்லாததால் மட்டும் வழக்குத் தோற்றுவிடாது. சிகிச்சைக்காக நீங்கள் கைக்காசு போட்டுச் செலவழித்ததை முதலாளியிடமிருந்து திரும்பப் பெறவும் சட்டம் வழி விடுகிறது. அதற்கும் அதே பில்கள்தான் ஆதாரம்.

கூலிக் கணக்கு அடுத்த சண்டை. சம்பளச் சீட்டு என்ற ஒன்று கட்டட வேலையில் கிடையாது. ஆனால் மேஸ்திரியிடம் ஒரு நோட்டு இருக்கும், நீளவாக்கில் மடித்துச் சட்டைப் பையில் செருகிய நோட்டு. பெயருக்கு நேரே முழு நாளுக்கு ஒரு குறி, அரை நாளுக்கு ஒரு குறி, சனிக்கிழமை கூட்டிப் போட்டுச் சம்பளம். அந்த நோட்டை ஆணையர் முன்னால் கொண்டுவரச் சொல்லி மனுப் போடலாம். கொண்டுவராமல் ஒளித்தால் அதுவே அவர்களுக்கு எதிராகப் போகும். ஜிபேயில் கூலி போட்டிருந்தால் பாங்க் பாஸ்புக்கில் வரவு இருக்கும், பதிவு போட்டு வாங்குங்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வந்தால் நல்லது. கொழுந்தனை இதில் இழுக்க வேண்டாம், அவர் நிலைமை எனக்குப் புரிகிறது.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஒன்றரை லட்சத்துக்கு எதை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் சொல்கிறேன். இறப்புக்கு மாதக் கூலியில் பாதியை எடுத்து, வயதுக்கு ஏற்பச் சட்ட அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்குவார்கள். கூலி எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 2020 ஜனவரி முதல் உள்ள உச்சவரம்பு அது. சென்ட்ரிங் வேலைக்கு அந்தக் கூலியை நிரூபிப்பது கடினமல்ல. 40 வயதுக்கு அட்டவணை எண் 184.17. ஆக 7,500ஐ 184.17ஆல் பெருக்கினால் 13,81,275 ரூபாய். இதற்கு மேல் ஈமச் செலவுக்கு 5,000 ரூபாய்க்குக் குறையாமல் தனியாக உண்டு.

வட்டியும் உண்டு. இழப்பீடு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம். இந்தத் தொகைக்கு அது ஆண்டுக்கு 1,65,000 ரூபாய்க்கு மேல் வரும், அதாவது அண்ணாச்சி பதினாறு அன்றைக்குக் கொடுத்ததைவிட ஒரு வருட வட்டியே அதிகம். ஆணையர் தீர்ப்புச் சொல்லும் நாள் வரை கடமை பிறக்கவில்லை என்று முதலாளிகள் வாதாடிப் பார்த்தார்கள். விபத்து நடந்தபோதே கடமை பிறந்துவிடுகிறது என்று 1975இல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள், பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்ததாக ஆணையர் கருதினால், விளக்கம் கேட்டுவிட்டு, தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம்.

யாரை எதிர்மனுதாரராகப் போடுவது என்றால், மேஸ்திரியையும் காண்ட்ராக்டரையும் சேர்த்துப் போடுங்கள். "உன் வீட்டுக்காரரைக் கூட்டிவந்தது மேஸ்திரி, எனக்குச் சம்பந்தமில்லை" என்று காண்ட்ராக்டர் சொல்லக்கூடும். தன் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் விட்டுச் செய்விக்கும் காண்ட்ராக்டர், அந்த ஆளிடம் வேலை பார்த்தவருக்கும் பொறுப்பு என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. தினக்கூலி ஆள், நிரந்தரம் இல்லை என்ற வாதமும் எடுபடாது. தற்காலிகத் தொழிலாளரை ஒதுக்கிவைத்த வாசகத்தை 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் தொழிலாளருக்கான இன்சூரன்ஸ் பாலிசி எடுத்திருந்தால் அந்தக் கம்பெனியையும் சேர்க்கலாம். தொழிலாளருக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் அவர் பெயர் பதிவாகியிருந்தால் மட்டும் வழி வேறு. அப்போது இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ.யில் சார்ந்தோர் உதவியாக மாதாமாதம் கேட்க வேண்டும். அட்டை ஏதும் இருந்ததா என்று வீட்டில் பாருங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தாலும் சொல்லுங்கள். அந்த உதவி தனி, இந்த வழக்குக்கு அது தடையில்லை.

கொழுந்தனிடம் இதைச் சொல்லுங்கள்: இது கிரிமினல் கேஸ் இல்லை, யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. பாலிசி இருந்தால் இழப்பீட்டைக் கம்பெனி கட்டும். அபராதம் விழுந்தால்தான் அது காண்ட்ராக்டரின் சொந்தக் கையிலிருந்து போகும், மேலும் மேலும் இழுத்தடித்தால் விழும் வாய்ப்பும் கூடும். சீக்கிரம் ஆணையரிடம் கட்டிவிடுவது அண்ணாச்சிக்கே லாபம். கொழுந்தன் விஷயம் தெரிந்த ஆளாக இருந்தால் இதை அவரே அங்கே எடுத்துச் சொல்லலாம். அதன் பிறகும் அவர் பயந்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள். இந்த மனுவுக்கு அவர் சம்மதம் தேவையில்லை, நீங்கள் போடலாம்.

மனுவைத் திருநெல்வேலியிலேயே போடலாம். தொழிலாளர் துறையின் மூத்த அதிகாரி ஒருவர்தான் இந்தச் சட்டத்தில் ஆணையராக இருக்கிறார். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, குடும்பம் வசிக்கும் இடத்தின் ஆணையரிடமும் மனுப் போடலாம். உங்களுக்கு இரண்டும் ஒரே மாவட்டம் என்பதால் கேள்வியே இல்லை. மும்பையிலும் திருப்பூரிலும் கேரளத்திலும் வேலைக்குப் போய் அடிபட்டு ஊர் திரும்பியவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அந்த ஊருக்குப் போய்க் கேஸ் நடத்த யாரால் முடியும் என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களும் இங்கேயே போடலாம்.

பெண் என்பதால் வருமானக் கணக்கு எதுவும் பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆனால் அங்கே வக்கீல் வேண்டும் என்று எழுதிக்கொடுத்ததையே மனுப் போட்டதாக எண்ணிவிடாதீர்கள். ஆணையர் அலுவலகத்தில் மனு சேர்ந்து, உங்கள் நகலில் தேதி முத்திரை விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள். இறப்புச் சான்று, அவர் வயதுக்குப் பள்ளிச் சான்றோ வாக்காளர் அட்டையோ, ரேஷன் கார்டு, ஆதார் போதும். வாரிசுச் சான்று தாலுகா ஆபீஸில் தாமதமானால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பின்னால் தாக்கல் செய்யலாம். ஏ.ஆர். காப்பியும் அப்படித்தான். விண்ணப்பித்த ஆதாரத்தோடு மனுப் போடுங்கள், காப்பி வந்ததும் சேர்க்கலாம்.

மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம். நடப்பில் கூடுதலாக ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அவர்கள் 60 நாளுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அப்பீல் போகலாம். ஆனால் முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டினால்தான் முதலாளியின் அப்பீலை எடுப்பார்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கும் இந்தக் கெடுவில் சிக்கல் இருக்கும். அரிசி ஆலையில், மர அறுவை மில்லில் விரல் போனவர்கள் ஊனச் சான்று வரட்டும் என்று காத்திருப்பதைப் பார்க்கிறேன். கெடு விபத்து நாளிலிருந்து ஓடுகிறது, சான்று நாளிலிருந்து அல்ல. மனுவைப் போட்டுவிட்டுச் சான்றைப் பிறகு கொடுங்கள். கல் குவாரியிலும் கிரஷரிலும் பல வருடம் தூசியைக் குடித்து நுரையீரல் கெட்டவர்களுக்குக் கணக்கு வேறு. அந்த நோயால் தொடர்ந்து வேலைக்குப் போக முடியாமல் நின்ற முதல் நாளை விபத்து நாளாக எடுத்துக்கொள்வார்கள். வேலையை விட்டு இரண்டு ஆண்டுக்குள் நோய் தெரியவந்தால், அறிகுறி முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நாள். அதனால், எந்தத் தேதியில் எந்த டாக்டர் முதன்முதலில் நுரையீரல் நோய் என்று எழுதினார் என்ற சீட்டு உயிரைப் போலக் காப்பாற்ற வேண்டியது.

உண்மையாகவே கெடு தாண்டியவர்களும் கையைக் கழுவிவிட வேண்டாம். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்ததாக ஆணையருக்குப் பட்டால், கெடு கடந்த மனுவையும் அவர் ஏற்கலாம் என்று அதே 10ஆம் பிரிவு சொல்கிறது. படுத்த படுக்கையாய் இருந்தது, முதலாளி தருகிறேன் தருகிறேன் என்று நம்பவைத்தது எல்லாம் காரணமாகச் சொல்லலாம். ஆனால் காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் செட்டில் பண்ணிருதேன்" என்று வந்த குரல் பதிவை அழித்துவிட்டால் எதைக் காட்டுவது? அவ்வப்போது ஐயாயிரம், பத்தாயிரம் போட்ட பாங்க் பதிவும் அப்படியே. இருப்பதைப் பத்திரப்படுத்தி, தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவையும் சேர்த்து, உடனே போடுங்கள். தாமதத்தின் மேல் இன்னும் ஒரு மாதம் சேர்ந்தால் அதற்கும் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியாக உங்கள் அத்தை. கணவனை இழந்த தாய் என்றால் அவருக்கும் பங்கு உண்டு. மனைவி, மைனர் மகன், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோர் இறந்தவரின் வருமானத்தை நம்பி இருந்தார்கள் என்று தனியாக நிரூபிக்கவே தேவையில்லை. மாமனார் உயிரோடு இருந்தால் மட்டும், மகன் வருமானத்தை நம்பி இருந்ததைக் காட்ட வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை ஆணையர் குடும்ப நிலையைப் பார்த்து முடிவு செய்வார், சரிபாதி என்று கட்டாயம் இல்லை. பிள்ளைகளின் பங்கை வங்கியில் போட உத்தரவிடலாம், படிப்புச் செலவுக்கு நடுவில் எடுக்க அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது. அத்தையின் பெயரை மனுவில் உங்களோடு மனுதாரராகவே சேர்த்துவிடுங்கள், கையெழுத்துப் போட அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பெயரை விட்டுவிட்டால், தாய் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். பிறகு அவருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் வந்து சொல்லி முடிக்க இரண்டு மூன்று வாய்தா வீணாகும்.